வயல் சென்சாருக்கு ஒரு மாற்று

வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று செல்போனுக்குச் சொல்லும் என் சென்சார் போர்டு, நேற்றிலிருந்து ‘குறைவு, குறைவு’ என்றே அழுதுகொண்டிருந்தது. மோட்டாரோ நிற்காமல் ஓடுகிறது. போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

இன்று தஞ்சாவூர்க் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “அந்த போர்ட கம்பெனிக்காரங்களே நிறுத்திட்டாங்க. அதுக்குப் பதிலா இத போடுங்க. புரோகிராம மட்டும் கொஞ்சம் மாத்திக்கணும்.”

மதியமெல்லாம் உட்கார்ந்து மாற்றினேன். புதுசும் ‘குறைவு’ என்றது.

“ரெண்டும் ஒண்ணத்தான சொல்லுது? வரப்ப ஒரு சுத்து சுத்திப் பாத்தீங்களா?” என்றாள் மனைவி ஸ்டெல்லா.

பார்த்தேன். வரப்பில் நண்டு வளை. நான் பாய்ச்சிய தண்ணீரெல்லாம் பக்கத்து வயலில்.

போர்டைக் கம்பெனி நிறுத்திவிட்டது. நண்டை யார் நிறுத்துவது? மாற்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.