எலிக்கூண்டு அறையில் அலறிய போன்

திருப்பதியில் நான் எலிக்கூண்டு கழுவும் ஆய்வகத்துக்கு இன்று ஒரு பெரிய அதிகாரி வந்தார்.

அங்கிருக்கும் எலிகளுக்கு ஒரு ஜீன் கிடையாது. மூளையை ‘போதும், அடங்கு’ என்று நிறுத்தும் இணைப்புகளைக் கட்டுவது அந்த ஜீன்தானாம். பெரிய சத்தம் கேட்டாலே வலிப்பு வந்துவிடும். நான் சாவிக்கொத்தைக்கூட வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

“சார், போன வெளிய வச்சிடுங்க.”

“எனக்கே சொல்றியா? போய்க் கூண்டு கழுவிக்கினு இரு.”

உள்ளே போனதும் “கோவிந்தா, கோவிந்தா” என்று அவர் போன் அலறியது.

ஓர் எலி துடிதுடித்துச் செத்தது. அதை வைத்து ஆராய்ச்சி செய்யும் பெண் அழுதுவிட்டாள்.

“எலிதானேம்மா,” என்று சிரித்தார்.

“அதுக்கு ஜீன் இல்ல சார், அடங்கத் தெரியாது. உங்களுக்கு இன்னா கொறச்சல்?” என்றேன்.

நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. கூண்டு கழுவ ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். உள்ளே எலி இருந்தாலும் சரி, அதிகாரி இருந்தாலும் சரி.