அமெரிக்க வழியில் ஜேர்மன் மருத்துவம்

இங்கே ஜேர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் பள்ளிப் படிப்பை முடித்த என் மகள் ஆரணிக்கு டொக்டராக வேண்டும் என்று ஆசை. அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன், "முதலில ஒரு டிகிரி, பிறகுதான் மருத்துவம்" என்று அடித்துச் சொன்னார். அங்கே அதுதான் வழக்கம். நானும் அதை நம்பி, அவள் இங்கேயே முதலில் உயிரியல் படிக்க, பல துறைகளையும் கலந்து படிப்பிக்கும் சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி நல்லதா, பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் நல்லதா என்று இரண்டு மாதம் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்டேன். கடைசியில் கல்லூரிக்கு விண்ணப்பமும் நிரப்பிவிட்டேன்.

ஆரணி எதிர்த்துப் பேசவில்லை. "ஆலோசனை கேட்க நேரம் குறிச்சு டெர்மின் எடுத்திருக்கிறன். நீங்களும் வாங்கோ அம்மா" என்று பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனாள்.

அங்கிருந்த அலுவலர் விளக்கமாகச் சொன்னார். இங்கே பள்ளி முடிந்ததும் நேரடியாகவே மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம். வேறொரு பட்டம் முடித்துவிட்டு வந்தால் அது இரண்டாவது படிப்பாகிவிடும். அப்படி வருபவர்களுக்கு இடங்கள் மிகக் குறைவாம்.

வெளியே வந்ததும், "உனக்கு முன்னமே தெரியுமோ?" என்றேன்.

"ஓம். நான் சொல்லியிருந்தால், 'மாமாவை விட உனக்கு அதிகம் தெரியுமோ?' எண்டு கேட்டிருப்பியள்."

கேட்டுத்தான் இருப்பேன்.

இப்போது ஆரணி மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அண்ணன் இன்றும் ஆலோசனை சொல்ல அழைப்பார். "பிள்ளையோட கதையுங்கோ அண்ணை" என்று போனை அவளிடமே கொடுத்துவிடுகிறேன்.