ஜுமாவை ஆடத் தள்ளியவன்

ஜுமாவை அந்த ஊர்வலத்துக்குள் தள்ளிவிட்டது நான்தான். அன்பினால் அல்ல... வேடிக்கை பார்க்க!

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். திருப்பூர், சூரத், ஹைதராபாத் என்று சுற்றிவிட்டுத் தரமணியில் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தேன். ஜுமா தான்சானியாவிலிருந்து அங்கே படிக்க வந்தவன். மூன்றாவது மாடியில் தனி அறை. ரயிலில் அவன் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். கேன் இறக்கப் போனால் என்னை நிறுத்தி வைத்துப் பேசுவான். பேச வேறு ஆளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான்.

எங்கள் தெருவில் அன்று சாவு. மீன் மார்க்கெட்டில் கூடை தூக்கிய பெரியவர். மேளம், பட்டாசு, இறைந்து கிடக்கும் பூ, முன்னால் குத்தாட்டம்... நம் சாவு ஊர்வலம் உங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா? திருவிழா என்று நினைத்தான். நானும் ஆடலாமா என்று கேட்டான்.

டீக்கடையில் நின்ற என் கூட்டாளிகள் கண்ணைக் காட்டினார்கள். நான் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

ஆடினான். எப்படி ஆடினான்! பூ வண்டி அருகே வந்தபோதுதான் பிணத்தைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். செத்தவரின் மகன் சேகர் அவனை நோக்கி நடந்தார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். ஓடிப்போய்த் தடுத்தேனா? இல்லை. டீக்கடைப் பக்கம் நகர்ந்தேன்.

சேகர் அவன் தோளில் கை போட்டார். "எங்க நைனாவுக்கு ஆடறதுக்கு அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீறியா?"

சுடுகாடு வரை ஜுமா கூடவே நடந்தான். கருமாதிக்கும் அழைத்தார்கள். பிறகு ஞாயிறுதோறும் அந்த வீட்டில்தான் மீன் குழம்பு. அவனுக்கு டெங்கு வந்தபோது சேகரின் அம்மா ரயிலேறித் தரமணிக்குக் கஞ்சி கொண்டுபோனார். அவன் நாட்டுப் பிள்ளைகளும் இப்போது எங்கள் தெருவில் கேரம் ஆடுகிறார்கள். எத்தனையோ ஊரில் கிடந்திருக்கிறேன். எந்த ஊரும் என்னை இப்படிச் சேர்த்துக்கொண்டதில்லை. எங்கள் தெரு செய்தது! பெருமையாக இல்லாமல் எப்படி இருக்கும்?

ஆனால் ஜுமா வேறொன்றை நம்புகிறான். ஒருநாள் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "சாவுன்னு சொன்னா நான் பயந்து ஓரமா நின்னுருப்பேன் மச்சி. அதான் நீ சொல்லல."

நான் தலையாட்டினேன்.

தள்ளியதைவிட அந்தத் தலையாட்டல் பெரிய தப்பில்லையா? உண்மையைச் சொன்னால் தெரு அவனைக் கைவிடாது. அவன்தான் என்னைக் கைவிடுவான்... என் பயம் அவ்வளவுதான்.

படிப்பு முடிந்து, போன வாரம் வழியனுப்புப் பிரியாணி. அவன் தன் அம்மாவை வீடியோவில் அழைத்து என்னைக் காட்டினான். அவர் ஏதோ சொன்னார். உன்னையும் பிள்ளை என்கிறார் என்றான் ஜுமா.

"பின்ன, நம்ம பையனாச்சே" என்று சேகர் என் முதுகில் தட்டினார்.

என் நெஞ்சு நிமிர்ந்தது. வெட்கமே இல்லாமல் நிமிர்ந்தது!

அவன் விமானம் ஏறிவிட்டான். நான் இன்னும் சொல்லவில்லை.