தாலி கட்டாத கச்சேரி

ஜப்பானிய மொழி வகுப்பில் நான் தேறியது குறைவு. ஆனால் எங்கள் சயாமா மூங்கில் குழல் வாசிப்பார் என்று தெரிந்ததும், அவரை ரங்கூனில் எங்கள் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்டுக்கு அழைத்து வந்தே தீருவது என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. சயாமா என்றால் டீச்சரம்மா. பர்மியப் பேச்சில் அப்படித்தான். அதுவரை அவர் வாசித்ததெல்லாம் பெரிய ஓட்டல்களில். அங்கே டிக்கெட் விலையைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்குக் காது அடைத்துவிடும். அப்புறம் குழல் எங்கே கேட்பது?

எங்கள் கோயில் கல்யாண மண்டபத்தைப் பேசி முடித்தேன். டிக்கெட் தெருக்கடையில் ஒரு கிண்ணம் மொகிங்கா நூடுல்ஸின் விலைதான். ஜனங்கள் கடைசிவரை உட்கார்ந்து கேட்டால் மாதாமாதம் வருவதாகவும், இல்லையென்றால் மறுபடி கூப்பிடக் கூடாது என்றும் சயாமா சொல்லியிருந்தார். நான் தூக்கமில்லாமல் அலைந்தேன்.

"வர்றவங்கள வெறும் வயித்தோடவா அனுப்புவ?" என்று கேட்டு, என் அத்தை மண்டபத்தின் கீழ்த்தளத்தில் சமையலை ஆரம்பித்துவிட்டார். அத்தையிடம் என் பேச்சு என்றைக்கு எடுபட்டது?

ஞாயிறு மாலை மண்டபம் நிறைந்தது. பட்டுப்புடவைகள்கூட வந்திருந்தன. சயாமா கண்ணை மூடி ஊதினார். பாதி சுரம், பாதி காற்று.

"கூட ஒரு தவுலு இருந்தா எடுப்பா இருக்கும்" என்றார் பின்வரிசைக்காரர்.

நடுவில் குழல் நின்றது. அந்த இசையில் மௌனமும் ஒரு பகுதி. தொடக்க உரையில் இதை நான் விளக்கியிருந்தேன், யாரும் கேட்கவில்லை. இந்த மண்டபத்தில் வாத்தியம் நின்றால் ஒரே அர்த்தம்தான்: தாலி கட்டியாயிற்று, முதல் பந்திக்கு இடம் பிடி. நாற்காலிகள் கரகரத்தன. முதலில் எழுந்தது அத்தை. ஒரு பெரியவர் மட்டும் பழக்கதோஷத்தில் மேடையேறி, சயாமாவின் முன்னால் மொய்க் கவரை வைத்துவிட்டு இறங்கினார்.

சயாமா மீண்டும் ஊதத் தொடங்கியபோது மண்டபத்தில் நானும் நாற்காலிகளும்தான். அவர் முழுவதையும் வாசித்து முடித்துக் கண்ணைத் திறந்தார்.

பிடிக்கவில்லையா என்று பர்மிய மொழியில் கேட்டார். தாலி, பந்தி எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவர் மாடிப்படியையே சற்று நேரம் பார்த்தார். பிறகு குழலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கீழே இறங்கினார்.

கீழே ரசம் நடந்துகொண்டிருந்தது. "வாங்க சயாமா, மொதல்ல சாப்பிடுங்க. நாயனத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்ற அத்தை, என்னையும் ஓர் இலை முன்னால் அழுத்தி உட்காரவைத்தார். சயாமா சுவரோரம் நின்று, அதையே முதலிலிருந்து தொடங்கினார். யாரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. அப்பளங்கள் நொறுங்கின.

மறுபடி அந்த இடம் வந்தது. குழல் நின்றது.

பந்தியில் பாதியில் எழுவது எங்களுக்குப் பெரிய மரியாதைக்கேடு. அதனால் அந்த மௌனத்தை எல்லோரும் உட்கார்ந்தே கேட்க வேண்டியதாயிற்று. முதலில் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்கள். பிறகு மெல்லுவது நின்றது. அத்தை ரசவாளியோடு நின்ற இடத்திலேயே நின்றார். என் இலையில் ரசம் ஓரத்துக்கு ஓடி மடியில் சொட்டியது. சோற்றால் அணை கட்ட எனக்குக் கை எழவில்லை. பக்கத்து இலைகளிலும் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. குழல் திரும்ப எழுந்து, ஓய்ந்து முடியும்வரை ஒருவரும் துடைக்கவில்லை.