முதல் சொம்பு காலுக்கு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்கு என் வீட்டுக்காரர் தோளில் துண்டோடு பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டு, “இன்னைக்கு நீ உள்ள வரக்கூடாது” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு தடை உத்தரவு இதுவே முதல் முறை. எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அவர் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷமாகச் சர்க்கரை. அது மெல்ல மெல்ல அவர் பாதங்களின் உணர்ச்சியை எடுத்துக்கொண்டுவிட்டது. நடக்கும்போது செருப்பு கழன்றுவிட்டால்கூட அவருக்குத் தெரியாது. நாலு எட்டு போன பிறகு நான்தான் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். விரல் நுனிகளும் இப்போது அரைகுறைதான்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள், பக்கெட்டில் வெந்நீர் பிடித்தவர் பச்சைத் தண்ணீர் கலக்க மறந்துவிட்டார். நாம் எப்படிக் குளிப்போம்? எடுத்த எடுப்பில் தலையிலா ஊற்றுகிறோம்? முதல் சொம்பு காலுக்குத்தானே! ஊற்றினார். சுடவில்லை. இன்னொரு சொம்பும் ஊற்றினார். துவட்டும்போதுதான் துண்டோடு தோலும் வந்ததைப் பார்த்திருக்கிறார்.

அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு நாள் டாக்டர், “ஒரு விரலை எடுக்க வேண்டி வரலாம்” என்றார். நல்லவேளை, வரவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் இருக்கிறதே... இன்னமும் காதை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு வெந்நீர் விளாவி வைப்பது என் பொறுப்பு. கெய்ஸர் தண்ணீரைப் பிடித்து, பச்சைத் தண்ணீர் கலந்து, கையை விட்டுப் பார்த்து, “ம்... போங்க” என்று நான் சொன்ன பிறகுதான் அவர் உள்ளே போகலாம். போவார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. “ஏன் சாரதா, அறுபத்தேழு வயசுல என்னைக் குளிக்க வெக்க ஒரு ஆள் வேணுமா?” என்று ஒரு நாள் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். குரல் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்காகத்தான் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கினேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு சின்னப் பெட்டி. அதைச் சுவர் சாக்கெட்டில் சொருகி, கெய்ஸர் பிளக்கை அதன்மேல் சொருக வேண்டும். பெட்டியிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று வரும், அதன் நுனியில் சென்ஸர். அதை வெந்நீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டால் தண்ணீர் எத்தனை டிகிரி என்று ஃபோனில் தெரியும். நாற்பது என்று வைத்துவிட்டால், நாற்பதில் கெய்ஸர் தானாக அணைந்துவிடும். விளாவ வேண்டாம். கையை விட வேண்டாம். மனுஷர் ராஜா மாதிரி தானே போய்க் குளிக்கலாம்!

இதே ஊரில் இன்னொரு கோடியில், கோந்த்வாவில் இருக்கும் என் பெண், ஃபோனிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். “மா, பிளீஸ், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. நீ பண்ணினா ஏதாவது உல்ட்டா-சீதா ஆயிடும்.”

யாரிடம் சொல்கிறாள்? முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஃபிசிக்ஸ் நடத்தியவளிடம்! வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று போர்டில் படம் போட்டே சாக்பீஸ் பெட்டிகளைக் காலி செய்தவளிடம்!

புதன்கிழமை மத்தியானம் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழேயிருந்து வர்ணனை செய்தார். பெட்டி சரியாக உட்கார்ந்தது. வைஃபை நாலாவது முயற்சியில் ஒத்துக்கொண்டது. அடுத்தது சென்ஸர். ‘வெந்நீர் வெளியே வரும் குழாயில், கெய்ஸரின் வாயை ஒட்டிக் கட்டவும்’ என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது.

எது வெந்நீர்க் குழாய்? கெய்ஸரின் அடியில் இரண்டு குழாய்கள். சிவப்பு வளையம் போட்டது வெந்நீர், நீல வளையம் போட்டது பச்சைத் தண்ணீர். உலகம் முழுக்க அப்படித்தான். எங்கள் வீட்டில் மட்டும் இரண்டுமே வெள்ளை! தீபாவளிக்கு முன்னால் பெயின்ட் அடிக்க வந்தவர் சுவரோடு சேர்த்துக் குழாய், வளையம் எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். நானும்தான் அன்றைக்கு ‘அடடா, எவ்வளவு சுத்தமா பண்ணியிருக்கார்’ என்று பாராட்டி டீ கொடுத்தேன்.

கொஞ்சம் யோசித்தேன். கீழே டேப்பில் இடது பக்கம்தானே வெந்நீர்? அப்படியானால் மேலேயும் இடது பக்கம்தான். கட்டிவிட்டேன்.

கெய்ஸரைப் போட்டு, பத்து நிமிஷம் கழித்து இரண்டு குழாயையும் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்திருக்கும். ஃபிசிக்ஸ் டீச்சர் செய்யவில்லை.

வியாழக்கிழமை காலைக்கு வருகிறேன். எங்கள் பேட்டையான விஷ்ராந்த்வாடியில் டிசம்பர் குளிர். ஆறரைக்கு ஃபோனிலேயே கெய்ஸரைப் போட்டாயிற்று. ஏழு மணிக்கு முப்பத்தொன்று காட்டியது. ஏழு பத்துக்கு முப்பத்துநாலு. “இன்னும் நாற்பதே வரல, பொறுங்க” என்றேன். “வெதுவெதுன்னு இருந்தாப் போதும்” என்று அவர் பக்கெட்டைப் பிடித்துவிட்டார். முப்பத்துநாலு தண்ணீருக்குப் பச்சைத் தண்ணீர் எதற்கு? கலக்கவில்லை. ஆவி வரத்தான் செய்தது. அந்தக் குளிரில் பேசினாலே வாயிலிருந்து ஆவி வருகிறதே, யார் கவனித்தார்கள்? அப்போதுதான் அந்தத் தடை உத்தரவு. நான் சமையலறைக்குப் போய் ஃபோனில் நம்பரைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்பவர் சுநந்தா. இந்த மராத்தி ஊர் வழக்கப்படி நாங்கள் ‘மௌஷி’ என்று கூப்பிடுவோம், சித்தி என்று அர்த்தம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், இருந்தாலும் மௌஷிதான். என்னைக் ‘காக்கு’ என்பார், என் வீட்டுக்காரரைக் ‘காகா’, அதாவது சித்தப்பா. என் வீட்டுக்காரர் குளிக்க நுழைவதற்கு முன்னால், துவைக்கும் துணியை எடுக்க மௌஷி பாத்ரூமுக்குள் போனார். அதை நான் பார்த்தேன்.

அடுத்த நொடி ஒரு அலறல். “அரே தேவா! தாம்பா காகா, தாம்பா!” நில்லுங்கள், நில்லுங்கள் என்று. அந்த நேரம் பார்த்து லோஹேகாவ் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு போர் விமானம் தலைக்குமேல் போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததில் மீதி எதுவும் கேட்கவில்லை. ஓடினேன். அவர் துண்டோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். மௌஷி பக்கெட்டுக்கும் அவருக்கும் நடுவில் நிற்கிறார். வலது கை மணிக்கட்டு வரை சிவந்து கிடக்கிறது.

என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். சென்ஸர் கட்டியிருந்தது பச்சைத் தண்ணீர்க் குழாயில். கெய்ஸரை ஒட்டி இருந்ததால் அந்தக் குழாயில் கொஞ்சம் சூடு ஏறியிருக்கும்; அது பாவம், அந்த அரைகுறைச் சூட்டையே சொல்லிக்கொண்டிருந்தது. ‘இன்னும் சூடாகவில்லை போல’ என்று பெட்டி கெய்ஸரை விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்தது. பக்கெட்டில் இருந்தது கொதிக்கப் போகிற தண்ணீர். முதல் சொம்பு எங்கே போயிருக்கும்?

மௌஷியின் கையைப் பச்சைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரோ, “காகா ஊத்திக்கலையே? காலைக் காட்டச் சொல்லுங்க, காலைக் காட்டச் சொல்லுங்க” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். (மராத்தியில்தான். நான் தமிழில் தருகிறேன்.)

மருந்து போட்டு, டீ போட்டுக் கொடுத்து உட்கார வைத்த பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வியே வந்தது. “துணி எடுக்கத்தானே போனீங்க? பக்கெட்ல எதுக்குக் கையை விட்டீங்க மௌஷி?”

“தினமும் விடுவேனே” என்றார், ரொம்பச் சாதாரணமாக.

தினமுமா?

“போன வருஷம் காகா காலைப் பார்த்தேன் இல்ல? அதிலிருந்து. நீங்க விளாவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவீங்க. துணி எடுக்கிற சாக்குல நான் ஒரு தடவை பார்த்துடுவேன். ஒரு நாள் நீங்க ஃபோன் பேசிக்கிட்டே விளாவினீங்க. நல்ல சூடு. நான்தான் ரெண்டு சொம்பு பச்சைத் தண்ணி ஊத்தினேன்.”

இத்தனை மாதமாக அந்தக் காலைக் காப்பாற்றுவது நான் ஒருத்திதான் என்று நினைத்து, அந்தப் பெருமையில்தானே சுற்றிக்கொண்டிருந்தேன்? எனக்குப் பின்னால் இன்னொரு கை, ஒரு வார்த்தை சொல்லாமல், தினமும். “அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?” என்றேன். “சொன்னா உங்களுக்குத் தூக்கம் வராது காக்கு” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மெதுவாகத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, “நானே கையை விட்டுப் பார்க்கலாம்னா, விரலுக்கே தெரிய மாட்டேங்குது மௌஷி” என்று ஹிந்தியில் சொன்னார். என்னிடம்கூட அவர் இதை இப்படிச் சொன்னதில்லை.

“விரலை யார் விடச் சொன்னா?” என்றார் மௌஷி. “பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது விரலையா விடுவோம்? முழங்கையை விடுங்க!”

கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்தேன், கலந்து, பார்த்து. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கையை விட்டார். முகம் மாறியது. “தெரியுது சாரதா!” என்றார். “சூடு... நல்லாத் தெரியுது!” லாட்டரி விழுந்தவர்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மறுபடி விட்டுப் பார்த்தார். “இப்ப சரி” என்றார். அது சரியாகவே இருந்தது.

எந்த டாக்டரும் இதைச் சொல்லவில்லையா என்று கேட்காதீர்கள். சொல்லியிருப்பார்கள். நீளமான ஒரு தாளில் ஏழாவது வரியாக அச்சடித்தும் கொடுத்திருப்பார்கள். நாங்கள் படித்திருக்க மாட்டோம்.

மத்தியானம் மறுபடி ஸ்டூல். பழைய சாவி ஒன்றால் பெயின்ட்டைச் சுரண்டினேன். வலது பக்கம் சிவப்பு எட்டிப் பார்த்தது. சென்ஸரை அங்கே மாற்றிக் கட்டி, இரண்டு நாள் பழைய லேப் தெர்மாமீட்டரை வைத்து நானே சோதித்தேன். இப்போது பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறது, நாற்பதில் சமர்த்தாக அணைகிறது. அதன் மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அதற்கு எது சொல்லப்பட்டதோ அதைத்தானே அது செய்தது?

மௌஷியின் கை ஆறும் வரை பாத்திரம் தேய்த்தது யார் தெரியுமா? என் வீட்டுக்காரர், கையுறை மாட்டிக்கொண்டு. மௌஷி நாற்காலியில் உட்கார்ந்து, “குக்கர் அடியில் எண்ணெய் இருக்கு காகா” என்று மேற்பார்வை செய்தார். எங்கள் சமையலறையில் இப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது. பெண் பார்க்க வந்தபோது சமையலறைப் பக்கமே போனதில்லை என்று பெருமையடித்த மனுஷர் இவர்!

நன்றியை எப்படிச் சொல்வது? மௌஷிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன், இன்று காலை பக்கத்தில் உட்கார வைத்து முழுவதையும் மராத்தியில் சொன்னேன். ‘உங்களால்தான் அவர் இன்று சொந்தக் காலில் நிற்கிறார்’ என்ற வரியை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி காக்கு, காகா இன்னைக்கு முழங்கையை விட்டுப் பார்த்தாரா?” என்றார்.

எழுந்து போய் அவரைக் கேட்டேன். பார்த்தாராம். அதுவரை கேட்க மறந்தது நான்தான்.