கேப்டன் பென்ரோஸும் சுண்ணாம்புச் சிலுவையும்

வியாழக்கிழமை காலை நான் ஆபீசில் பேனாவைத் தொடும் முன்பே சேதி வந்துவிட்டது. பியூன் முனியன் வாசலில் நின்றபடியே, "கேப்டன் போயிட்டாரு ரைட்டரே. வெடியக்காலம் மூச்சு நின்னு போச்சாம்" என்றான். எந்தக் கேப்டன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் கேப்டன்கள் பலர் உண்டு. ஜனங்கள் வெறுமனே கேப்டன் என்றால் அது பென்ரோஸ் துரை ஒருவரைத்தான் குறிக்கும். பாறைத்தூள் அவருடைய நெஞ்சை வெகுநாளாகவே அரித்துக்கொண்டிருந்தது.

அன்று மாலையே அடக்கம் நடந்தது. அவருடைய நாட்டார் கறுப்புக் கோட்டு அணிந்து வந்து, குரல்களைப் பிரித்துக்கொண்டு ஞானப்பாட்டுப் பாடினார்கள். அவர்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் அதிகம் கிடையாது என்றாலும், பாடத் தெரிந்தவர்கள் என்பதை மறுக்கமாட்டேன். கல்லறைச் சுவருக்கு வெளியே கூலி லைனிலிருந்து ஒரு கூட்டம் தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றது. முன்னால் நின்றவர் சவரிமுத்து, சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் மேஸ்திரி. புதிதாக வந்த இளம் துரை ஒருவர், "கத்தோலிக்கக் கூலிகளுக்கு இங்கே என்ன வேலை?" என்று என்னிடம் கேட்டார். பதிலைக் கேட்கும் பொறுமை அவருக்கு இல்லை. ஆகவே கேப்டனை அறிந்த நம் சபையாருக்காக அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

கேப்டன் என்றால் பட்டாளத்துக் கேப்டன் அல்ல, கப்பல் கேப்டனும் அல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டிருக்கும் கார்ன்வால் என்னும் சீமையில், சுரங்க மேற்பார்வைக்காரனை அப்படித்தான் அழைப்பார்களாம். அந்த வழக்கத்தையும் அவர்கள் தங்கள் பெட்டி படுக்கையோடு இங்கே இறக்கினார்கள். பென்ரோஸ் துரை பத்து வயதில் அங்கே குழியில் இறங்கியவர். படிப்பு சொற்பம். வட ஆற்காட்டுக் கூலிகளிடமே தமிழ் கற்று, அவர்களைப் போலவே பேசுவார். ஆனால் கம்பெனி உத்தரவு என்று வந்துவிட்டால் என்னை அழைப்பார். அவர் இங்கிலீஷில் சொல்ல, நான் தமிழில் சொல்ல வேண்டும். அது என் உத்தியோகம்.

எனக்கு அவர் எந்த நன்மையும் செய்ததில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலூர் மிஷன் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறி வந்தவன் நான். ஹெட் கிளார்க் இடம் காலியானபோது அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறார்கள். "நல்லா படிச்சவன், ஆனா யாரும் அவன் கிட்டப் போகமாட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். அதை ஒளிக்கவும் இல்லை. மறுநாள் என்னிடமே, "ரைட்டர், உன் மொகம் புளிச்ச கஞ்சி மாதிரி கீது. அத்தான் சொன்னேன்" என்றார். அந்த நாற்காலியில் இன்றைக்கு உட்கார்ந்திருப்பவர் யார், அவருடைய இங்கிலீஷ் எப்படிப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும்.

கடலைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் அவர் வண்டி கட்டிக்கொண்டு பேத்தமங்களா ஏரிக்குப் போவார். ஒருமுறை என்னையும் ஏற்றிக்கொண்டார். கரையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "போதாது, அந்தாண்ட கரை தெரியுது" என்றார். பிறகு தம் ஊரைப் பற்றிப் பேசினார். மூன்று பக்கமும் கடல். செங்குத்தான பாறை விளிம்பில் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் இஞ்சின் வீடுகள். தகரமும் செம்பும் தேடிச் சுரங்கம் கடலுக்கு அடியில் போகும். புயல் நாளில் தலைக்கு மேலே கடல் கற்களை உருட்டும் சத்தம் உள்ளே வேலை செய்பவனுக்குக் கேட்கும். அந்தச் சீமைக்கென்று தனி பாஷை ஒன்று இருந்ததாம். அது செத்துவிட்டது. ஊர்ப் பெயர்களிலும் மனிதர் பெயர்களிலும் மட்டும் மிச்சம் இருக்கிறது. இப்போது கோடைக்காலத்தில் லண்டனிலிருந்து ரயில் ரயிலாக ஆட்கள் வந்து, பாறையில் அலை அடிப்பதைப் பார்த்துப் படம் எழுதுகிறார்களாம்.

"வெள்ளைக்காரன் வந்து வேடிக்கை பாக்கறான் ரைட்டர்" என்று அலுத்துக்கொண்டார்.

"அப்படியானால் தாங்கள் யார்?" என்று கேட்டேன்.

"நானா? நான் கார்ன்வால்காரன்!" என்றார், நான் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல.

ஆயினும் நீண்ட ரஜாவில் அந்த ஊருக்குப் போனவர், ரஜா முடியும் முன்பே திரும்பி வந்துவிட்டார். அங்கே சுரங்கங்கள் மூடிக்கிடந்தன. "பேச ஆள் இல்லை. பாதிப் பேரு ஆப்பிரிக்கா, மீதிப் பேரு இங்கே. வேடிக்கை பாக்க வந்தவன்தான் இருக்கான்" என்றார். அதற்குப் பிறகு ஊருக்குப் போகும் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

சவரிமுத்து விவகாரம் அடுத்த மழைக்காலத்தில் நடந்தது. ஆழத்தில் ஒரு மட்டத்தில் பாறை இளகியிருந்ததால் புது மரங்கள் நிறுத்தினார்கள். வேலை முடிந்ததும் சவரிமுத்து சுண்ணாம்புக் கட்டியால் மரத்தில் ஒரு சிலுவை போட்டார். கத்தோலிக்கராகிய அவர்களிடம் அது வழக்கம். நிலைப்படியிலும் போடுவார்கள், நெல் குதிரிலும் போடுவார்கள். மெழுகுவத்தியைத் தூக்கிப் பார்த்த கேப்டன் ஒன்றும் கேட்காமல் சட்டைக் கையால் அதை அழித்துவிட்டார்.

"இன்னா தொரே இது?" என்றார் சவரிமுத்து.

"இங்க வேணாம். கீழ வேணாம்."

"சிலுவைய அழிச்ச கையி காட்டற மரத்த நான் தூக்கமாட்டேன்."

கேப்டனுக்கு முகம் சிவந்தது. மேலே வந்ததும் என்னை அழைத்தார். சவரிமுத்துவுக்கு வேலை இல்லை, சனிக்கிழமைக்குள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லச் சொன்னார். அதை அப்படியே தமிழில் சொன்னேன். சவரிமுத்துவின் மனைவி அந்தோணியம்மாளுக்கு அப்போது நிறைமாதம். மரவேலை ஆட்கள் யாரும் மறுநாள் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேப்டன் என்னிடம், "வா, லைனுக்குப் போலாம்" என்றார். துரைமார் கூலி லைனுக்குள் நடந்து போகிற வழக்கம் இல்லை. சவரிமுத்து வீட்டு வாசலில் வெடிமருந்து வந்த மரப்பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கேப்டன் அதில் உட்கார்ந்தார். அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிட்டது. சவரிமுத்து உள்ளேயிருந்து வரவில்லை. அந்தோணியம்மாள்தான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தம் ஊர்ச் சுரங்கங்களில் சின்ன உருவமாகச் சிலர் குடியிருப்பதாகக் கேப்டன் சொன்னார். பாறை சரியப் போகிறது என்றால் முன்னதாகவே தட்டிக் காட்டுவார்கள். மத்தியான ரொட்டியின் ஓரத்தை அவர்களுக்கென்று போட்டு வைக்க வேண்டும். உள்ளே சீட்டி அடிக்கக்கூடாது. சிலுவையைக் கண்டால் போய்விடுவார்கள். "போனா தட்டறதுக்கு ஆள் இல்ல. தட்டலேன்னா உன் புருஷன் செத்துப்பூடுவான். அத்தான் அழிச்சேன்" என்றார்.

அந்தோணியம்மாள் சற்று யோசித்தாள். "இன்னா தொரே, நீங்களும் வேதக்காரருதானே? சிலுவையப் பாத்து ஓடறதுக்கு ரொட்டி போட்டு வளக்கறீங்களா?"

கூட்டம் சிரித்தது. கேப்டனும் இருமிக்கொண்டே சிரித்தார். "இவரு ஊர்லயும் முனி கீதுடா" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அதன்பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. கார்ன்வாலில் ஊருக்கொரு அர்ச்சியசிஷ்டவர், அதாவது புனிதர், உண்டு என்றார் கேப்டன். அவர்களில் ஒருவர் மாவரைக்கும் எந்திரக்கல்லின்மேல் உட்கார்ந்து கடலைத் தாண்டி வந்தவராம். "கல்லு மெதந்துச்சா?" என்று ஒரு கிழவர் கேட்டார். "மெதந்துச்சு" என்றார் இவர், கூசாமல். அங்கே புண்ணியக் கிணறுகள் இருக்கின்றன. வியாதிக்காரர்கள் தங்கள் துணியில் ஒரு கிழிசலைப் பக்கத்து மரத்தில் கட்டிவிட்டு வருவார்கள். மீனை உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்து இத்தாலிக்கு அனுப்புவார்கள். படித்தவனாகிய எனக்கு இதெல்லாம் அஞ்ஞானமாகப் பட்டது. லைன் ஜனங்களுக்கோ அதில் ஒன்றும் புதிதாக இல்லை. அதுவரை உள்ளே இருந்த சவரிமுத்து எப்போது வெளியே வந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

"இதெல்லாம் செரி தொரே, கேட்டுட்டு அழிச்சிருக்கலாம் இல்ல?" என்றார்.

கேப்டன் எழுந்து வந்துவிட்டார்.

அன்றிரவே மானேஜரைப் பார்த்து, சவரிமுத்துவை நீக்கிய உத்தரவைத் திரும்ப வாங்கப் போவதாகச் சொன்னார். நானும் உடன் நின்றேன். கூலிக்குக் கொடுத்த உத்தரவைத் திரும்ப வாங்கினால் நாளைக்கு ஒருவனும் மதிக்கமாட்டான் என்றார் மானேஜர். அப்படிச் செய்கிறவனைப் பெரிய கேப்டன் ஸ்தானத்துக்குத் தாம் சிபாரிசு செய்ய முடியாது என்றும் சொன்னார். "உத்தரவு கொடுத்தவன் நான்" என்று மட்டும் பென்ரோஸ் துரை சொன்னார். அந்த ஸ்தானம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

சனிக்கிழமை காலை ஷிப்டுக்கு, கூண்டு இறங்கும் குழியாகிய ஷாப்ட் வாசலில் எல்லாரும் கூடினார்கள். சவரிமுத்து கோடரியை ஒப்படைக்க வந்திருந்தார். வழக்கம்போல உத்தரவைத் தமிழில் சொல்ல நான் கேப்டனுக்கு இடது பக்கம் போய் நின்றுகொண்டேன். அவர் என்னைக் கையால் விலக்கினார்.

"சவரிமுத்து, நான் கேக்காம அழிச்சது தப்பு. வேலை உன்னுது. வூடு உன்னுது. ஆனா கீழ போடாதே, எனக்கு பயம். இங்க போடு, எல்லாரும் பாத்துட்டு எறங்கட்டும்" என்றார். சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, ஷாப்ட் வாயில் நிற்கும் பெரிய மரத்தூணில் தம் கையாலேயே ஒரு சிலுவை வரைந்தார். சிலுவை போடுவதைக் கத்தோலிக்க வழக்கம் என்று ஒதுக்கும் அவருடைய சபையாருக்கே அது பிடிக்காத காரியம்.

சவரிமுத்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கோணலா கீது தொரே."

"நீ போடு."

அவர் அதன்மேலேயே நேராகப் போட்டார். பிறகு கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு கூண்டில் ஏறினார். மற்றவர்களும் ஏறினார்கள். கேப்டன் கடைசியாக ஏறினார்.

அந்த ஹெட் கிளார்க் விஷயத்தை நான் மறக்கப் போவதில்லை. செத்தவர் என்பதற்காக மன்னித்தேன் என்று எழுதினால் அது பொய்யாகும். ஒரு மரவேலைக்காரனுக்காகத் தம் உயர்வையே விட்டவர், எனக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் துரைமார் வாயிலிருந்து வந்த எத்தனையோ வசவுகளையும் அபராதங்களையும் வீட்டைக் காலி செய்யும் உத்தரவுகளையும் தமிழாக்கிச் சொல்லியே என் தலை நரைத்திருக்கிறது. ஒரு துரைக்கும் ஒரு கூலிக்கும் நடுவில் நான் வேண்டாதவனாகி, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றது அந்த ஒரு காலைதான். கேப்டன் பென்ரோஸிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அது. அதை வைத்துக்கொள்கிறேன்.