கிருபாசங்கர் எடுத்த நரி

கோவை கணபதியில் பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை முதலாளி கிருபாசங்கருக்கு நாற்பத்து நான்கு வயதில் காட்டு விலங்குகளைப் படம் எடுக்கும் ஆசை பிடித்தது. கிடைத்ததிலேயே விலை குறைந்த பெரிய ஜூம் லென்ஸாகப் பார்த்து வாங்கினார். கம்பெனிப் பெயர் வெளியே தெரியாதபடி அதற்குப் பச்சைத் துணியில் சட்டையும் தைத்துப் போட்டார். அந்த லென்ஸுக்குத் தூரம் எட்டும். ஆனால் வெயில் ஏறாமல் எதுவும் துலங்காது. படக்காரர்கள் சங்கத்தின் கண்காட்சிக்கு மூன்று வருடமாக அவர் அனுப்பிய படங்களெல்லாம் மசமசவென்று இருப்பதாகத் திரும்பி வந்தன. பழியை லென்ஸின் மேல் போட்டார். தன் கை நடுங்குவதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

இந்த வருடம் விடுவதாக இல்லை. படம் அனுப்பக் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை, காங்கேயத்துக்குப் பக்கத்தில் மாமனாரின் மேய்ச்சல் காட்டுக்குப் போனார். நரி வளைக்கு எதிரே, கிளுவை வேலியோரம், இலைதழை அச்சடித்த உடுப்போடு விடியலிலேயே, கை ஆடாதபடி முழங்கைகளைத் தரையில் ஊன்றிக் குப்புறப் படுத்தார். எறும்பு கடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வெயில் ஏறியது. நரியும் வெளியே வந்தது.

அந்த நேரம் பார்த்து, நரிக்கு நேர் பின்னால் வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்தார் மாமனாரின் அண்ணன் அப்புசாமி.

"வாங்க மாப்ள! எப்ப வந்தீங்க? ஏனுங்க கீழ படுத்திருக்கறீங்க?" என்று கையை உயர்த்தினார். தினமும் கேட்டுப் பழகிய குரல் என்பதால் நரி அசையவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒருவர் "வாங்க" என்றால் பதிலுக்கு "வாங்க" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் உறவே வேண்டாம் என்று அர்த்தம். வாயைத் திறந்தாலோ, புதுக்குரலுக்கு நரி ஓடிவிடும். கிருபாசங்கர் உறவை விட்டு நரியைப் பிடித்தார். பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் தடதடவென்று நாற்பத்து மூன்று படம். பேட்டரி தீர்ந்தது, நரியும் போயிற்று. அப்புசாமி விருட்டென்று திரும்பி நடந்தார்.

மத்தியானம் மாமனார் வீட்டில் கறிவிருந்து. அப்புசாமி இலையில் உட்கார மாட்டேன் என்று சுவரைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்க, பெரியப்பா வாங்கன்னு கூப்பிட்டும் நீங்க வாயே தொறக்கலியாமா?" என்றாள் மனைவி சண்முகப்பிரியா.

கிருபாசங்கர் கூசாமல் புளுகினார். "அட, நான் மாமாவப் பாக்கவே இல்லீங்க! கண்ணு முழுக்க நரி மேலதானுங்க இருந்துச்சு. நம்பலைன்னா படத்தையே பாருங்க!"

பேட்டரி தீர்ந்ததால் படங்களை அவரே இன்னும் பார்க்கவில்லை. கேமராவிலிருந்து கார்டை உருவி, சொந்தபந்தம் அத்தனை பேரும் பார்க்க டிவியில் மாட்டினார்.

முதல் படத்தில் நரி, சட்டையில் கொட்டிய டீக்கறை மாதிரி இருந்தது. அதற்குப் பின்னால் அப்புசாமி. நரைத்த மீசையை முடி முடியாக எண்ணலாம். காதில் கடுக்கன், கக்கத்தில் துண்டு, வாயில் பாதி "வாங்க". அடுத்த படத்திலும் அவர்தான். நாற்பத்து மூன்றிலும் அவர்தான். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்டிப் போவதுகூட வரிசையாக விழுந்திருந்தது. லென்ஸை இனி யாரும் குறை சொல்ல முடியாது.

அப்புசாமி டிவிக்குக் கிட்டே போய் நின்று கடைசிப் படம் வரைக்கும் பார்த்தார்.

"பாக்காமயே இத்தன தெளிவா எடுத்துப்போட்டீங்களே மாப்ள," என்றார்.

காலையில் சொல்லாத பதில் அப்போதுதான் கிருபாசங்கர் வாயில் வந்தது.

"வாங்க மாமா," என்றார்.